புளித்தது, செரிக்கவில்லை

இன்று காலை மீன் ஊறும் பரலின், அந்தப் பெரிய பீப்பாயின், மூடியைத் திறந்ததும் புளிப்பும் மீனும் கலந்த அந்த மணம் முகத்தில் அடித்தது. பக்கத்து வீட்டுக்காரி வழக்கம்போல யன்னலைச் சாத்தினாள். எனக்கென்றால் உங்கள் நினைவுதான் வந்தது. நீங்கள் மௌத்தாகி, உங்களை அடக்கம் செய்து இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை.

உரம் கிடைக்காத அந்த வருசம் கிண்ணியாவில் பஸ் ஏறி எங்கள் ஊரான சல்லியின் கடற்கரைக்கு வந்தீர்கள். மீன் வேண்டும், சர்க்கரையோடு ஊறவைத்து மிளகாய்க் கன்றுகளுக்கு ஊற்றப் போகிறேன் என்றீர்கள். வலையில் மீன் கழற்றிக்கொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். நீங்கள் கோபிக்கவில்லை, பக்கத்தில் குந்தி நீங்களும் கழற்றத் தொடங்கினீர்கள். அன்றைக்கே நான் உங்களுக்குக் கூட்டாளி ஆகிவிட்டேன்.

அரை ஏக்கர் மிளகாய். இந்த முறையும் விளையாவிட்டால் காணியைக் குத்தகைக்கு விட்டுவிட வேண்டியதுதான் என்று உங்கள் மனுசன் சொல்லியிருந்தார். அது தெரிந்தும் நான் என்ன செய்தேன்? தேடி வந்த ஆளுக்குக் குடலோடு மீன் கொடுப்பதா என்று, ஒரு பரலுக்கான சூடை மீன் முழுவதையும் குடல் எடுத்து, செதில் உரசி, மூன்று தண்ணீரில் அலசிக் கொடுத்தேன். எங்கள் கரையில் அதுதான் மரியாதை. பெருமை வேறு எனக்கு.

மூன்று கிழமை கழித்துத் திறந்தால் நுரை இருந்தது, புளிப்பு இருந்தது, அழுகல் இல்லை. ஆனால் மீன் மீனாகவே கிடந்தது. வடித்தால் புளித்த சர்க்கரைத் தண்ணீர்தான். அதை நம்பி நின்ற கன்றுகள் மஞ்சளாகிப் பூவைக் கொட்டின.

வேறு யாரும் என்றால் விட்டிருப்பார்கள். நீங்கள் இரண்டு வாளிகளை எடுத்தீர்கள். இரண்டிலும் ஒரே அளவு சர்க்கரை. ஒன்றில் அலசிய மீன், மற்றதில் குடலோடு மீன். குடல் போட்ட வாளியில் சதையெல்லாம் கரைந்து முள்ளு மட்டும் மிஞ்சியது. என்னை வரச்சொல்லிக் காட்டினீர்கள்.

"புளிக்க வைக்கிறது கண்ணுக்குத் தெரியாத கிருமி, கூட்டாளி. அது சர்க்கரையைத் திண்டு புளிப்பாக்கி, மீனை அழுக விடாமக் காக்கும். சதையைக் கரைக்கிறது குடலில இருக்கிற சாறு. தோசைமா எவ்வளவு புளிச்சாலும் மாதானே? வயித்துக்குள்ள போனாத்தான் செரிக்கும்."

பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்ற ஆள் நீங்கள். வாளிக்குள் எட்டிப் பார்த்தே இதைப் பிரித்து அறிந்தீர்களே என்று நான் வாயைப் பிளந்தேன். அதற்குப் பிறகுதான் உறைத்தது.

"அப்ப நான்தானே அலசிக் கெடுத்தனான்?" என்றேன்.

நீங்கள் அடுத்த பரலுக்குக் குடல் எப்போது தருவாய் என்று கேட்டீர்கள். மிஞ்சிய கன்றுகள் அந்தப் பரலால் தேறின. காணியும் உங்கள் கையில் நின்றது. அதிலிருந்து உங்கள் பரல் என் முற்றத்தில்தான் ஊறுகிறது.

இன்று இந்தப் பரலை ஏற்றிப்போக உங்கள் மனுசனே, நான் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிறவர், ஓட்டோவில் வந்தார். தேத்தண்ணி குடித்தபடி பழைய கதை எடுத்தார். முதல் பரல் பழுதானது நீங்கள் சர்க்கரையைக் குறைத்துப் போட்டதால்தானாம். நீங்களே அப்படிச் சொன்னீர்களாம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க ஏலாமல் போய்விட்டது.

"இல்லை நானா, அது என்ர பிழை. குடலை எடுத்தது நான். அவவுக்கு அது நல்லாத் தெரியும்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் அவவை அவ்வளவு ஏசினது..." என்றார்.

ஏச்சு விழுந்ததை நீங்கள் எனக்குச் சொல்லவேயில்லை. அத்தனை வருசம் என் வீட்டில் சாப்பிட்டீர்கள், சிரித்தீர்கள், என் சமையலில் உப்புக் கூட என்று குறைகூடப் பிடித்தீர்கள். இதை மட்டும் சொல்லவில்லை. உங்களைப் போல ஒருத்தியை நான் கண்டதில்லை.

அந்த ஏச்சு எனக்கு உரியது, கூட்டாளி. இனி அது என்னிடமே இருக்கட்டும்.