பெருநாள் நகர்ந்தது, எங்கள் வாரம் நகரவில்லை

அனுப்புநர்:
எஸ். நூர்முகமது,
நூர் பாத்திரக் கடை, மாடி,
பஜார் தெரு, செங்கல்பட்டு.

பெறுநர்:
மாவட்ட வழங்கல் மற்றும் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
செங்கல்பட்டு.

பொருள்: சிப்பித்தோப்பு ஹாலிடே கிளப் – மறுவிற்பனையில் நான் வாங்கிய மார்ச் வாரத்தை என் பெயருக்கு மாற்ற மறுப்பது – நோன்புப் பெருநாளுக்கு முன் மாற்றித் தர உத்தரவிடக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் செங்கல்பட்டு பஜாரில் பாத்திரக் கடை நடத்துகிறேன். கடைக்கு மேலே இரண்டு அறைகள். ஒன்றில் சரக்கு, மற்றொன்றில் நானும் என் மனைவி பதருன்னிசாவும். மகள் ஃபைஸா ஆம்பூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மகன் ஜைத் சவூதியில் தம்மாமில் வேலை பார்க்கிறான். பெருநாளுக்குப் பிள்ளைகள் வந்தால் படுக்க இடம் கிடையாது. மதியம் பிரியாணி சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுவார்கள். இந்த மனுவில் உள்ள எல்லாத் தொல்லைக்கும் வேர் இதுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2. 2023 தொடக்கத்தில் பெட்ரோல் பங்க்கில் ஒரு பரிசுக் கூப்பனில் என் போன் நம்பரை எழுதிப் போட்டேன். பரிசு விழுந்திருக்கிறது, மனைவியோடு வாருங்கள் என்று அழைத்தார்கள். போன இடத்தில் டீ வந்தது, சமோசா வந்தது, பரிசு மட்டும் கடைசி வரை வரவில்லை. வந்தவர் மேற்படி கிளப்பின் விற்பனையாளர் பூபாலன். கிளப்பின் விடுதி மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவில் கடலை ஒட்டி இருக்கிறது. அங்கே இரண்டு படுக்கையறையும் சமையலறையும் கொண்ட வீட்டை, வருடத்தில் ஒரு வாரம் மட்டும் அனுபவிக்கும் உரிமையை விற்கிறார்கள். அதற்கு டைம்ஷேர் என்று பெயர். இது தாங்கள் அறியாததல்ல, நான்தான் அதுவரை அறியாமல் இருந்தேன்.

3. உங்கள் குடும்பம் எப்போது ஒன்றுகூடும் என்று பூபாலன் கேட்டார். நோன்புப் பெருநாளுக்கு என்றார் என் மனைவி. பூபாலன் காலண்டரைப் பார்த்தார். அந்த வருடம் பெருநாள் ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் வந்தது. அந்த வாரத்தையே எங்களுக்கு நிரந்தரமாக எழுதி, "வருசா வருசம் ஒங்க பெருநாளு கடற்கரையிலதான் மேடம்" என்று சொல்லி என் கையைக் குலுக்கினார். ஐயா, பெருநாள் பிறையைக் கண்டு வருவது. ஆங்கிலக் காலண்டரில் வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். பூபாலனுக்கு இது தெரியாமல் இருந்திருக்கலாம். விவரம் தெரிந்த நாள் முதல் நோன்பு வைக்கும் எனக்கும் என் மனைவிக்கும்கூட அந்த ஏசி அறையில் உறைக்கவில்லையே! இதைச் சொல்லி என் மருமகன் இன்றுவரை சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

4. முதல் வருடம் எல்லாம் நன்றாக நடந்தது. அதை மறைக்க மாட்டேன். ஃபைஸா பிள்ளைகளோடு வந்து முழுதாக நான்கு நாள் தங்கினாள். அடுத்த வருடம் பெருநாள் முடிந்த பிறகே எங்கள் வாரம் வந்தது. வாரத்தை மாற்றித் தரக் கேட்டேன். அதற்கு இன்னும் உயர்ந்த திட்டத்தில் சேர வேண்டும், மறுபடி பணம் கட்ட வேண்டும் என்றார்கள். விட மனமில்லாமல் நானும் மனைவியும் மட்டும் போய், ஆறு பேர் படுக்கும் வீட்டில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து டிவி பார்த்துவிட்டு, வாரம் முடியும் முன்பே திரும்பினோம். போனாலும் போகாவிட்டாலும் வருடாந்திரப் பராமரிப்புத் தொகை கட்டியாக வேண்டும். விற்றுத் தொலைக்கலாம் என்றால் கிளப் திரும்ப வாங்காது, வெளியிலும் கேட்பாரில்லை. என் கடையில் நசுங்கிய பித்தளைக் குடத்துக்கும் எடைக்கு ஒரு விலை உண்டு.

5. அந்த முறை பக்கத்து வீட்டில் தங்கியிருந்தவர் கோதண்டராமன். திருக்கழுக்குன்றத்தில் வேன் ஓட்டுபவர். அவரும் என்னைப் போலவே ஒரு வாரத்துக்கு உரிமையாளர்தான். ஆனால் அவர் கிளப்பிடம் வாங்கவில்லை. வேண்டாமென்று ஒதுங்கிய ஒரு பழைய உறுப்பினரிடம், பழைய பைக் விலைக்கு வாங்கியிருக்கிறார். நான் கொடுத்த விலையில் ஒரு புது லோடு வேனே வாங்கியிருக்கலாம். அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்: "இன்னா பாய், நேரா கம்பெனிக்காரன்கிட்டயா போய் வாங்கினே? வெளிய சல்லிசா வித்துகினு கீறாங்களே!" அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

6. அவர் சொன்ன வழியில் விசாரித்து, இதே ஊரில் ஓய்வு பெற்ற ஆசிரியை கல்யாணி அம்மையாரைக் கண்டுபிடித்தேன். அவருக்கு மார்ச் மூன்றாவது வாரம் சொந்தம். மூட்டுவலியால் போக முடியவில்லை, பராமரிப்புத் தொகை கட்டும் தலைவலி போனால் போதும் என்றார். இந்த வருடப் பெருநாள் அந்த வாரத்தில்தான் வருகிறது. போன நவம்பரில் முத்திரைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். அவருடைய மூல ஒப்பந்தத்தில், உறுப்பினர் எழுத்து மூலம் தெரிவித்து, பதிவுக் கட்டணம் செலுத்தி, யாருக்கு வேண்டுமானாலும் மாற்றித் தரலாம் என்று தெளிவாக இருக்கிறது. அவர் தெரிவித்துவிட்டார், நான் செலுத்திவிட்டேன். நகல்களை இணைத்துள்ளேன்.

7. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். விடுதி மேலாளர் ஜானகிராமன், மறுவிற்பனையில் வாங்கியவர் மனைவியோடு மறுபடி விற்பனைக் கூட்டத்துக்கு வந்து, உயர்ந்த திட்டத்தில் சேர்ந்தால்தான் பெயர் மாற்றம் என்கிறார். ஒப்பந்தத்தில் இது எங்கே இருக்கிறது என்று கேட்டால், கம்பெனி பாலிசி என்கிறார். பாலிசியைக் காட்டுங்கள் என்றால், உள் விஷயம் என்கிறார். ஏப்ரலில் நான் போனால் வாசலிலேயே இளநீர் கொடுத்து 'சார்' என்பவர்கள், மார்ச்சைப் பற்றிப் பேசினால் 'ரீசேல் ஆளு' என்று வெளியே பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள். இரண்டும் ஒரே நூர்முகமதுதான் ஐயா.

8. இதில் என் வயிற்றெரிச்சலை அதிகமாக்கியவை இரண்டு. மார்ச் வாரத்துக்கான இந்த வருடப் பராமரிப்புத் தொகையை என் கணக்கிலிருந்து வாங்கி, என் பெயருக்கே ரசீது கொடுத்திருக்கிறார்கள். பணம் வாங்கும்போது நான் உரிமையாளர், சாவி கேட்கும்போது அந்நியன். அடுத்தது, அந்த வாரம் அந்த வீடு காலியாக இருப்பதாகவும், பண்டிகைக் கால வாடகை கட்டினால் எனக்கே தருவதாகவும் ஜானகிராமனே சொல்கிறார். என் வீட்டை எனக்கே வாடகைக்கு விடும் துணிச்சலை நான் இந்த வயதில்தான் பார்க்கிறேன்.

9. ஆகவே, கிளப்பைத் தாங்கள் நேரில் அழைத்து விசாரித்து, மூல ஒப்பந்தப்படி மார்ச் வாரத்தை என் பெயருக்கு மாற்றவும், என் குடும்பத்தார் அனைவரையும் அனுமதிக்கவும், இந்த மாதத்துக்குள் உத்தரவிட வேண்டுகிறேன். நேரடியாக வாங்கிய ஏப்ரல் வாரத்தில் ஏமாந்தது என் தலையெழுத்து. அதற்கு நான் இங்கே நியாயம் கேட்கவில்லை.

10. அவசரத்துக்குக் காரணம் இது. ஜைத் ஊருக்கு வந்து நான்கு வருடமாகிறது. அவன் மகள் ஹனியா தம்மாமில் பிறந்தவள். நாங்கள் அவளைப் போனில் பார்த்திருக்கிறோமே தவிர, தூக்கியதில்லை. போன வாரம் ஜைத் பேசும்போது, "அத்தா, ரூமு கன்பார்மா சொல்லு. இல்லன்னா நாங்க வேலூர்ல இவங்க அம்மா வூட்லயே எறங்கிக்கிறோம்" என்றான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அண்டா குண்டான்களுக்கு நடுவில் யார் படுப்பார்கள்? பக்கத்தில் என் மனைவி நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ரூம் கன்பார்ம் என்று சொல்லிவிட்டேன். அவன் விடுப்புக்கு எழுதிக் கொடுத்து, டிக்கெட்டும் எடுத்துவிட்டான். என் மனைவி குழந்தைக்குப் பெருநாள் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார். நான் சொன்னது பொய் என்பது இந்த நிமிடம் வரை எனக்கும், இதைப் படிக்கும் தங்களுக்கும் மட்டுமே தெரியும். அதை மெய்யாக்கித் தாருங்கள் ஐயா.

இடம்: செங்கல்பட்டு
நாள்: 02.02.2026

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) எஸ். நூர்முகமது