பேர் கெடாத வண்டி

என் அருமை மச்சானுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. நேற்று வீட்டில் படையல் போட்டோம். அக்கா மல்லிகா உங்களுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். ஜெகதாப்பட்டினத்துக் கருவாடுதான் வேண்டுமென்று சந்தை முழுக்க அலைந்து வாங்கி வந்தாள். தேவி வீடியோ காலில் வந்தாள். அங்கே அப்போது காலை எட்டு மணி. டூட்டிக்குக் கிளம்பிய உடுப்போடு நின்று உங்கள் படத்தைக் கும்பிட்டாள்.

ஆமாம் மச்சான், உங்கள் மகள் ஜெர்மனியில் நர்ஸாக இருக்கிறாள். போய் ஆறு மாதம் ஆகிறது. நீங்கள் ஆயுள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த அந்தக் கார் கம்பெனியின் ஊர், அவள் இருக்கும் இடத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தானாம். இதைக் கேட்டால் உங்கள் முகம் எப்படி ஆகியிருக்கும்?

இந்தக் கடிதத்தை ஊரே படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். முதலாளியின் பெயரை மட்டும் இப்போதைக்கு எழுதாதே என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். கம்பெனியின் பெயரையும் எழுதவில்லை. உங்களுக்கு இரண்டும் தெரியும்.

குளத்தூர் பக்கம் குவாரியும் கிரஷரும் வைத்திருந்த உங்கள் முதலாளி அந்தக் காரை வாங்கியபோது, உங்களை இரண்டு நாள் பயிற்சிக்குச் சென்னைக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக விராலிமலை ரோட்டில் வண்டிகளுக்கு எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் என் கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினீர்கள். டீ ஆறிப்போனது. நீங்கள் பேசிக்கொண்டே இருந்தீர்கள்.

"மாப்ள, இவங்க மொதல்ல செஞ்சது காரே இல்ல, தெரியுமா? விமானத்துக்கு எஞ்சின். மொத உலகச் சண்டையில தோத்த பெறகு, இனிமே விமான எஞ்சின் செய்யக் கூடாதுன்னுட்டாங்க. சும்மா இருந்தாங்களா? பைக்குக்கு வந்தாங்க, பெறகு காரு. ரெண்டாவது சண்டையில பேக்டரி மேல குண்டு விழுந்து எல்லாம் போச்சு. சட்டி பானை செஞ்சு வித்துப் பொழச்சிருக்காங்க. அந்தக் கையிதான் இந்தக் கதவச் செஞ்சிருக்கு. சத்தத்தக் கேளு."

கதவைச் சாத்திக் காட்டினீர்கள். கனமான, மெத்தென்ற சத்தம். நான் எத்தனையோ கார்களின் கதவைக் கழற்றி மாட்டியவன். அப்படி ஒரு சத்தத்தை அதுவரை கேட்டதில்லை.

கார் முதலாளியுடையது. பேர் உங்களுடையதாக ஆனது. கோயில் அடிவாரத்தில் வண்டி நின்றால் கும்பல் கூடும், நீங்கள் அந்தக் கதையை முதலிலிருந்து சொல்வீர்கள். ஊரில் 'ஜெர்மன் ராசு' என்றால்தான் உங்களைத் தெரியும். பதினொரு வருடம் ஒரு கீறல் விழாமல் ஓட்டினீர்கள்.

இனி அந்தக் காலையைப் பற்றி எழுத வேண்டும். எட்டு வருடம் ஆகிறது. அன்றைக்கு ஏழு மணி இருக்கும், நல்ல வெயில் வந்துவிட்டது. நீங்கள் போன் செய்தீர்கள். "மாப்ள, ஒரு அடிபட்டுப் போச்சு. பேட்டரி வயரக் கழட்டணும். சீக்கிரம் வா." குரல் உங்களுடையது மாதிரியே இல்லை.

கடைக்குத் தெற்கே இரண்டு மைலில், நான்குவழிச் சாலையின் ஓரத்தில் வண்டி மூக்கு நசுங்கி நின்றது. ஒரு மொபெட் பள்ளத்தில் கிடந்தது. ரோடெல்லாம் கத்தரிக்காய். அதைச் சந்தைக்குக் கொண்டுபோனவர் பக்கத்தில் கிடந்தார். பெயர் சுப்பையா என்று பிறகுதான் தெரிந்தது. யாரோ தன் துண்டால் அவர் முகத்தை மூடியிருந்தார்கள். ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை, வந்தும் பயனில்லை.

நான் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தேன். ஏர்பேக் வெடித்துத் தொங்கியது. சீட் கடைசிவரை பின்னால் தள்ளிக் கிடந்தது. மச்சான், நீங்கள் ஐந்தடி இரண்டு அங்குலம். அந்த சீட்டில் உட்கார்ந்தால் உங்கள் கால் பிரேக்கைத் தொடவே தொடாது. முதலாளியின் மகன் ஆறடிக்கு மேல். லீவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்திருந்தான். அவன்தான் அன்று சாவியை வாங்கி ஓட்டியிருக்கிறான், நீங்கள் பக்கத்து சீட்டில் இருந்திருக்கிறீர்கள். நான் போவதற்குள் வேறு வண்டி வந்து அவனை ஏற்றிக்கொண்டு போயிருந்தது.

நான் சீட்டைப் பார்த்தேன். நான் பார்த்ததை நீங்கள் பார்த்தீர்கள். குனிந்து, கதவில் இருந்த ஒன்றாம் நம்பர் பட்டனை அழுத்தினீர்கள். உங்கள் உயரத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்த பட்டன் அது. சீட் மெதுவாக முன்னால் நகர்ந்து வந்து, உங்கள் அளவுக்கு நின்றது. நல்ல வண்டி மச்சான். அந்த அடியிலும் சீட் மோட்டார் வேலை செய்தது.

"பாத்தத மறந்துரு மாப்ள" என்றீர்கள். "சின்னவரு திரும்பிப் போக அடுத்த வாரம் விசா வருதாம். கேசுன்னு வந்தா எல்லாம் போச்சு, குடும்பப் பேரே கெட்டுரும்னு மொதலாளி அழுவுறாரு. தேவி படிப்ப அவரு பாத்துக்கிறேன்னுட்டாரு. விபத்துதானே, ஒண்ணும் ஆவாது."

நான் பேட்டரி வயரைக் கழற்றினேன். அதன்பிறகு அந்த சீட்டை யாராலும் நகர்த்த முடியாது. அதாவது, பொய்யை அங்கேயே பூட்டி வைத்தது என் கை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கேஸ் மூன்று வருடம் இழுத்தது. புதுக்கோட்டை கோர்ட்டில் நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். "நீங்கதான் ஓட்டினீங்களா?" என்று கேட்டார்கள். "ஆமாங்கய்யா" என்றீர்கள். ஒரு வருடம் திருச்சி ஜெயில். வெளியே வந்தபோது லைசென்ஸ் போயிருந்தது, முடி நரைத்திருந்தது. முதலாளி கிரஷர் கேட்டில் வாட்ச்மேன் வேலை கொடுத்தார். ஊர் உங்களுக்குப் புதுப் பேர் வைத்திருந்தது. 'ஆளடிச்ச ராசு.'

தேவியைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் விஷயம் தெரிந்து எழுந்து போன அன்று, அவள் கோபத்தில் உங்களைக் கேட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? "கொஞ்சம் பாத்து ஓட்டியிருக்கக் கூடாதாப்பா?" நீங்கள் தலையை நிமிர்த்தவில்லை. "ஆமாத்தா, பாத்து ஓட்டியிருக்கணும்" என்றீர்கள். நான் வாசலில்தான் நின்றேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம் அல்லவா நான்?

ஜெயிலிலிருந்து வந்து ஒரு மாதத்தில், சொல்லாமல் கொள்ளாமல் சுப்பையாவின் வீட்டுக்குப் போனீர்கள். திரும்பும் வழியில் என்னிடம் வந்து சொன்னீர்கள். அவர் மனைவி பஞ்சவர்ணம் உங்களை உள்ளே கூப்பிடவில்லை, போகச் சொல்லவும் இல்லை. உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார். "வண்டிய விட்டு எறங்குனவரு ஒசரமா இருந்தாருன்னு ஆடு மேய்ச்ச ஆளு ஒருத்தரு சொன்னாரு. நீங்க கட்டையா இருக்கீங்களே. நீங்கதான் ஓட்டுனீங்களா?"

"நாந்தாம்மா" என்றிருக்கிறீர்கள்.

"கோர்ட்டுல சொன்னது கஷ்டமா இல்ல மாப்ள" என்றீர்கள் என்னிடம். "அந்தம்மா மொகத்தப் பாத்துச் சொன்னதுதான்…"

கேட்டில் சும்மா உட்கார்ந்திருந்த நாட்களில், போனில் அந்தக் கம்பெனியைப் பற்றி எதையெதையோ படித்திருக்கிறீர்கள். ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்த என்னிடம் சொன்னீர்கள். அந்தப் பழைய கர்வம் குரலில் இல்லை. "டிரெய்னிங்குல ஒண்ணச் சொல்லாம விட்டுட்டாங்க மாப்ள. ரெண்டாவது சண்டையப்ப எஞ்சின் செஞ்சது யாரு தெரியுமா? முள்கம்பி போட்ட முகாம்ல அடச்சு வெச்சிருந்த சனம். புடிச்சுக்கிட்டு வந்த ஆளுக. சோறு தண்ணி இல்லாம, அடிச்சு வேல வாங்கியிருக்காங்க. எத்தனையோ பேரு அங்கயே செத்துட்டாங்க. சண்ட முடிஞ்சப்பறம் கம்பெனி ரொம்ப வருசம் அதப்பத்தி மூச்சு விடல. காரு வித்துக்கிட்டு இருந்துச்சு. பேரு கெட்டுச்சா? கெடல. பேரு கெடுறதெல்லாம் நம்மள மாதிரி ஆளுகளுக்குத்தான்."

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். சோறு ஆறிப்போகும், சாப்பிடுங்கள் என்றேன்.

போன வருடம் புதுக்கோட்டை போகும் டவுன் பஸ்ஸில் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே உயிர் இல்லை. முதலாளி பெரிய மாலையோடு வந்தார். அவர் மகன் வரவில்லை. மாலையை நான்தான் வாங்கி உங்கள் மேல் வைத்தேன், மச்சான். அந்தக் கையைத்தான் இன்றுவரை கழுவிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது நடந்ததைக் கேளுங்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேவி போன் செய்தாள். அப்பா பேசிய கம்பெனியைப் பார்க்க வேண்டுமென்று ரயிலேறிப் போயிருக்கிறாள். அங்கே மியூசியத்தில் பழைய கார்களை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். அதோடு, முகாம் ஆட்களை வைத்து வேலை வாங்கியதையும் கம்பெனியே எழுதி வைத்திருக்கிறதாம்.

"அவங்களே எழுதியிருக்காங்க மாமா. நாங்க செஞ்சது தப்புன்னு. ரொம்ப வருசம் கழிச்சுத்தான் சொன்னாங்களாம். ஆனா சொல்லிட்டாங்க. அப்பாவுக்கு இது தெரியுமா?"

"அந்தச் சனத்தப் பத்தித் தெரியும். கம்பெனி ஒத்துக்கிட்டது தெரியுமான்னு எனக்குத் தெரியல."

"தெரிஞ்சா சந்தோசப்பட்டிருப்பாரு."

கடையை விட்டு வெளியே வந்து நின்றேன். லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"தேவி, அன்னைக்கு வண்டிய ஓட்டுனது அப்பா இல்ல."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சீட், பட்டன், பேட்டரி வயர், எல்லாம்.

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"சீட்டப் பாத்தேன். அப்பா பட்டன அழுத்துனதையும் பாத்தேன்."

"எட்டு வருசமா தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்த்தா."

"அவர நான் என்னெல்லாம் கேட்டிருக்கேன் மாமா." அவ்வளவுதான் சொன்னாள். போனை வைத்துவிட்டாள். மூன்று நாள் நான் கூப்பிட்டும் எடுக்கவில்லை. நான்காம் நாள் ஒரு வரி வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அந்த சுப்பையா வீட்டம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

அக்காவிடம் முதலில் சொன்னேன். அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? தூக்கத்துல அந்த மனுசன் எத்தன தடவ 'தம்பி, மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க'ன்னு சொல்லியிருக்காரு" என்றாள். எவ்வளவு காலம் அவளும் இதைத் தனியாக வைத்திருந்தாளோ. புடவை மாற்றிக்கொண்டு என்னோடு கிளம்பினாள்.

பஞ்சவர்ணம் முற்றத்தில் கடலை உரித்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் கை நின்றது. நான் நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். அவர் அழவில்லை. தொலியை முறத்திலிருந்து தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார்.

"தெனமும் வெளக்கேத்தி அந்த மனுசனத்தான் சபிச்சேன்" என்றார் கடைசியில், அக்காவைப் பார்த்து. "அவரு செத்துட்டாருன்னு கேள்விப்பட்டு, சாமி கேட்டுருச்சுன்னு நெனச்சேன். இப்ப வந்து சொல்றீங்களே. அவரு உசுரோட இருக்கயில வந்திருக்கக் கூடாதா?"

அக்கா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பஞ்சவர்ணம் தள்ளி உட்காரவும் இல்லை, கையைப் பிடிக்கவும் இல்லை. என் பக்கம் திரும்பி ஒன்று மட்டும் கேட்டார். "ஓட்டுனவன் பேரு என்ன?"

சொன்னேன். அவர் அதைத் தனக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

புதுக்கோட்டையில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். முடிந்த கேஸைத் திறப்பது லேசில்லை என்றார். அந்தக் கார் கைமாறி எங்கேயோ போய்விட்டது. ஆடு மேய்த்தவரும் இப்போது உயிரோடு இல்லை. என் வாக்குமூலத்தை வாங்கினால் முதல் கேள்வி என்னிடம்தான் வரும், சாட்சியை மறைத்ததற்கு என் மேலேயே கேஸ் திரும்பலாம் என்றார். விஷயம் எப்படியோ முதலாளி காதுக்குப் போய்விட்டது. கிரஷர் லாரிகள் இப்போது என் கடைப் பக்கம் வருவதில்லை. முதலாளியே ஒருநாள் போன் செய்து, "செத்த மனுசன் பேர எதுக்குப்பா தெருவுல இழுக்குறே?" என்றார். எந்தப் பேரைச் சொல்கிறார் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. போனை வைத்துவிட்டேன்.

நீங்கள் இருந்திருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வீர்கள். கொடுத்த வாக்கு, தின்ன சோறு என்று ஏதாவது சொல்லி என்னை உட்கார வைத்திருப்பீர்கள். உங்கள் பேச்சை நான் ஒருநாளும் தட்டியதில்லை. தட்டியிருந்தால் நீங்கள் இன்னும் கொஞ்ச நாள் நிமிர்ந்து நடந்திருப்பீர்களோ என்னவோ.

திங்கட்கிழமை கையெழுத்துப் போடப் போகிறேன், மச்சான். அக்கா வருகிறாள். பஞ்சவர்ணம் வருவதாகச் சொல்லியிருக்கிறார், எங்களோடு இல்லை, தனி பஸ்ஸில். ஜெயிக்குமா என்று எனக்குத் தெரியாது. என்னைப் பிடித்து உள்ளே வைத்தாலும், எத்தனை பேர் எத்தனை தடவை கேட்டாலும், அந்தக் காலையில் வண்டியை ஓட்டியது யார், என் கை என்ன செய்தது என்று மாற்றாமல் சொல்லிக்கொண்டே இருப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

நேரம் கடந்து பேசும்
உங்கள் மச்சினன்,
கதிரேசன்,
விராலிமலை.