சிரட்டையில் முளைத்த நெல்

மார்கழி 9

விடிஞ்சதிலிருந்து மழை. உடுப்பு ஒண்டும் காயல்ல. பாலன் குடிலுக்கு வைக்க நெல்லு ஊறப்போட்டு, அஞ்சு சிரட்டையில மண் நிரப்பி விதைச்சன். குசினி மூலையில, அடுப்புக்குத் தள்ளி இரிக்கு.

அவர் வாசலில நிண்டு பாத்தார். "இது சைவக்காரர் நவராத்திரிக் கும்பத்துக்குப் போடுற முளை. அஞ்ஞானம்." போன வருசம் தன்ர கையால நெல்லுத் தூவின மனிசன்! புதுச் சபைக்குப் போகத் தொடங்கினதிலிருந்து எல்லாத்துக்கும் போனில ஒரு வீடியோ. கிறிஸ்மஸ் வாற மார்கழி 25ஆம் திகதி ரோமாக்காரர் சூரியனுக்கு எடுத்த திருவிழாவாம். மரமும் அவங்கடயாம், நட்சத்திரமும் அவங்கடயாம்.

"அப்ப கேக்கு?" எண்டன். யோசிச்சார். கேக்குக்கு இன்னும் வீடியோ வரல்ல போல.

மார்கழி 12

வாங்க: சீனி, ரவை, பிளம்ஸ், நட்சத்திரத்துக்கு பல்ப்.

முளை வந்திட்டு. பக்கத்து வீட்டு சரோசா அக்காவிட்டக் கேட்டன். "ஓம் பிள்ள, நவராத்திரிக்கு நாங்களும் இப்பிடித்தான். வெயில் படாம வை, மஞ்சளா வரும்." முறையும் சொல்லித் தாறா! அப்ப அவர் சொல்றது சரியோ?

பூசை முடிய ஃபாதரிட்டக் கேட்டன். "நெல்லுக்கும் ஞானஸ்நானம் குடுப்பம்" எண்டு சிரிச்சார். சிரிச்சா மறுமொழியா? ஃபாதருக்கும் தெரியா போல.

மார்கழி 15

ரெண்டு சிரட்டையைக் காணல்ல. எலி சிரட்டையோட தூக்கிற்றுப் போகாது. அவரைக் கேட்டா, "நான் எறியல்ல." முகத்தைப் பாத்துச் சொல்லல்ல. குப்பையைக் கிண்டினன், கிணத்தடியிலயும் பாத்தன். இல்ல.

மார்கழி 18

மழை விட்டிரிக்கு. பாஸ்டரும் பெண்சாதியும் ஜெபத்துக்கு வந்தாங்க. அவட கழுத்தில காதில ஒண்டுமில்ல. தேத்தண்ணி குடிச்சு முடியுமட்டும் கண் என்ர தாலியில. போகக்குள்ள பாஸ்டர் அவரிட்ட: "மெல்ல மெல்லச் சொல்லுங்க பிரதர். அவசரமில்ல."

என்னத்தை மெல்லச் சொல்ற? கேட்டா, "ஒண்டுமில்லகா." விளங்கிட்டு. மரம், நட்சத்திரம், முளை. அடுத்தது இது. ஃபாதர் மந்திரிச்சுக் குடுக்க அவர் கட்டின தாலி. புறாவும் சிலுவையும். வேதாகமத்தில தாலி இல்ல, தெரியும். எங்கயிருந்து வந்தா எனக்கென்ன? பயமாயிரிக்கு.

மார்கழி 22

சரோசா அக்கா வேலியடியில கூப்பிட்டா. கையில ரெண்டு சிரட்டை! "உன்ர மனிசன் தந்தவர் பிள்ள. 'இது உங்கடதானே, நீங்களே வைச்சிரிங்க' எண்டு. உனக்குக் குடிலுக்கு வேணுமே எண்டு தண்ணி ஊத்தி வளத்தன்." என்ர மூண்டையும் விட நல்லாச் செழிச்சிரிக்கு. சிரிப்பு அடக்க ஏலல்ல. மறுகா கோபம்.

சோறு போடக்குள்ள தாலியைத் தூக்கிக் காட்டினன். "இதுவும் அவங்கடதானே. அக்காவிட்டக் குடுத்திட்டு வரட்டா?"

சோத்துக் கோப்பையைப் பாத்தபடியே சாப்பிட்டார். குழம்பு கேக்கல்ல.

மார்கழி 24

குடில் கட்டியாச்சு. அஞ்சு சிரட்டையும் வைச்சன். அவர் வந்து பாத்திட்டு, கேக் ரெண்டு துண்டு சாப்பிட்டார். சரி, சமாதானம் எண்டு நினைச்சன்.

பின்னேரம் பக்கத்தில வந்து நிண்டு, கனிவா: "தாலிக்கொடி தேஞ்சிரிக்குகா. அறுந்து விழுந்திரும். கழட்டித் தா, நகைப் பத்தரிட்டக் குடுத்து ஒட்டிக் கொண்டாறன்."

இப்பிடிக் கதைச்சு எவ்வளவு நாள். கை தன்பாட்டில கழுத்துக்குப் போயிட்டு.

"முகம் கழுவிட்டுத் தாறன்" எண்டு உள்ள வந்து கதவைப் பூட்டினன். கண்ணாடிக்கு முன்னால லைட்டைப் போட்டு, கொடியை ஒவ்வொரு கண்ணியா விரலால தடவிப் பாத்தன்.

ஒரு இடத்திலயும் தேயல்ல.