அம்மாவின் நம்பரிலிருந்து வந்த படங்கள்

அண்ணாமலையார் துணை

திருவண்ணாமலை
19.7.2021

அன்பு மகள் கவிநிலாவுக்கு அப்பா இராமலிங்கம் எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, அண்ணன் வல்லரசு, அண்ணி எழிலரசி நாலு பேரும் எழுந்து நடமாடி, வேளைக்குச் சாப்பிட்டு, ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொள்ளும் அளவுக்கு நன்றாகவே இருக்கிறோம். அங்கே கடல் தாண்டி ஹாலிஃபாக்ஸில் உன் உடம்பும் மனசும் எப்படி இருக்கின்றன என்று நீ எழுதித்தான் எனக்குத் தெரிய வேண்டும். தினம் போனில் பேசுகிற பெண்ணுக்கு எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டு வீட்டுக்கே கேட்க வைக்கிறான், வாட்ஸ்அப்பில் எழுதினால் உன் அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து படிக்கிறாள், அதனால்தான் இந்த வழி. கடிதம் என்றால் நீ நடுவில் 'நெட் சரியில்லப்பா' என்று கட் பண்ணவும் முடியாது.

மே மாதம் எனக்குக் காய்ச்சல் வந்து, பரிசோதனையில் பாசிட்டிவ் என்று சொல்லி, மாடியறைக்குப் போனது வரை உனக்குத் தெரியும். ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு நாம் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த அறைதான், போன வருஷம் மார்ச்சில் கடைசியாக இருந்தவர் கிளம்பிப் போனதிலிருந்து பூட்டிக் கிடந்தது. முன்பு அந்த ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும், அதைச் சொல்லித்தான் வாடகைக்கே விடுவோம். இப்போது பக்கத்து வீட்டுக்காரர் மூணாவது மாடி எழுப்பிவிட்டார், பூசாத செங்கல் சுவர்தான் தெரிகிறது. பதினாறு நாள் அந்தச் சுவரோடு இருந்தேன். வைகாசி பௌர்ணமி அன்றைக்குக்கூட செங்கம் ரோட்டில் ஒரு ஆள் சத்தம் இல்லை, கிரிவலம் வேண்டாம் என்று தடை போட்டிருந்தார்கள். சாப்பாட்டை எழிலரசி படிக்கட்டின் மேல்படியில் வைத்துவிட்டு 'மாமா, வெச்சிட்டேன்' என்று குரல் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவாள். முதல் ரெண்டு நாள் உன் அம்மா கீழே இருந்தே கத்துவாள், 'என்னங்க, மாத்திரை போட்டீங்களா, வெந்நி குடிச்சீங்களா' என்று. அது போதாதென்று போனில் வாய்ஸ் வேறு அனுப்புவாள். உனக்குத்தான் தெரியுமே, அவளுக்கு எழுத்து அடிக்க வராது, எல்லாம் வாய்ஸ்தான்.

மூணாம் நாளிலிருந்து அந்தக் குரல் நின்றுபோனது. அதற்குப் பதிலாக அவள் நம்பரிலிருந்து படம் வர ஆரம்பித்தது. முதல் படம் ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் தாண்டி நாம் வண்டியை நிறுத்தி இறங்கிய ஓடை. கீழே தமிழில் 'சாப்பிட்டீங்களா' என்று ஒரு வரி. அடுத்த நாள் முதுமலையில் தூரத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்த யானைக் கூட்டம், அதற்கடுத்த நாள் வால்பாறைத் தேயிலைச் சரிவில் மேகம் இறங்கின படம். உண்மையைச் சொல்கிறேன் பாப்பா, அந்தப் படங்கள் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேனோ தெரியாது. குப்புறப் படுத்து மூச்சு விடச் சொல்லியிருந்தார் டாக்டர். நான் கட்டில் ஓரத்தில் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு, போனைக் கீழே தரையில் வைத்து, அந்த ஓடையையே பார்த்துக்கொண்டு கிடப்பேன். தண்ணீருக்கடியில் இருந்த கூழாங்கற்களைக்கூட எண்ணியிருக்கிறேன். விரலில் மாட்டிய மிஷினில் தொண்ணூத்திரண்டு காட்டியது அரை மணியில் தொண்ணூத்தைந்துக்கு வரும். அதற்கு மாத்திரை காரணமா ஓடை காரணமா என்று எனக்குத் தெரியாது, நான் ஓடைக்குத்தான் கும்பிடு போட்டேன். என் பழைய போனையும் சார்ஜ் போட்டு, நாம் போன இடம், நீ அந்த ஊருக்குப் போன புதிதில் அனுப்பின படம், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ஆனால் உன் அப்பனுக்கு எதையும் அப்படியே வாங்கிக்கொள்ளத் தெரியாதே. முப்பத்தொரு வருஷம் கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் வீடு வீடாக ஏறி கரண்ட் மீட்டர் ரீடிங் எடுத்தவன் நான். வீடு பூட்டியிருக்கிறது, ஊரில் ஆளே இல்லை என்பார்கள், மீட்டர் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். எதையும் சந்தேகப்பட்டுத்தான் சம்பளம் வாங்கினேன். 'ஏம்மா, அத்தை குரலைக் காணோம்' என்று மேலிருந்து கேட்டேன். 'தொண்டை கட்டிக்கிச்சி மாமா, பேச வேணாம்னு இருக்காங்க' என்றாள் எழிலரசி. சரி என்றேன். ஆனால் சட்னியில் பூண்டு ஜாஸ்தியாக இருந்தது, உன் அம்மா சட்னிக்குப் பூண்டு போடவே மாட்டாள். காலையில் பூஜை மணிச் சத்தம் இல்லை. ஊரே அடைத்துக் கிடக்கும்போது உன் அண்ணன் வண்டி மட்டும் ஏழு மணிக்குக் கிளம்பி இருட்டுகிற நேரத்துக்குத் திரும்புகிறது. எங்கே போகிறான் என்று கேட்டால் 'ஸ்கூல் வேலையா போறாரு' என்கிறாள், இவன் பள்ளிக்கூடத்தில் பாடமே ஆன்லைனில்தான் நடக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே அந்த எழுத்து. 'சாப்பிட்டீங்களா' என்று ஒரு பிழை இல்லாமல் அடிக்க உன் அம்மா எப்போது கற்றுக்கொண்டாள்?

ஏழாம் நாள் வந்த படத்தில்தான் நீ மாட்டிக்கொண்டாய். தேயிலைத் தோட்டத்தின் முன்னால் உன் அம்மா மெரூன் புடவையில் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம். நாம் போன இடத்திலெல்லாம் போனைப் பிடித்து எடுத்தவள் அவள்தான், அதனால் அவள் படத்தில் இருக்கவே மாட்டாள், ஓரத்தில் அவள் கட்டைவிரல் நிழலாக விழுந்திருந்தால் உண்டு. அவள் நிற்கிற அந்த ஒரே படம் உன் கேமராவில் எடுத்தது, கேமராவோடு நீ கொண்டுபோய்விட்டாய், அது அவள் போனில் கிடையாது. அப்படியானால் ஹாலிஃபாக்ஸிலிருந்து படம் எழிலரசிக்கு வருகிறது, அவள் அதை உன் அம்மா போனிலிருந்து எனக்குத் தள்ளிவிடுகிறாள் என்று புரிந்தது. இன்னும் நிச்சயம் செய்துகொள்ள, 'ஆழியாறு அருவியில வேர்க்கடலைப் பொட்டலம் என்ன ஆச்சு, ஞாபகம் இருக்கா' என்று எழுதினேன். ஒரு மணி நேரம் கழித்து 'குரங்கு பிடுங்கிக்கிட்டு போச்சே' என்று வந்தது. நீ சொல்லிக்கொடுத்த பதில். நடந்ததும் அதுதான், நாம் ரெண்டு பேரும் பார்த்தோம். ஆனால் உன் அம்மா இந்த மூணு வருஷத்தில் ஒரு நாளாவது அதை ஒத்துக்கொண்டிருக்கிறாளா? 'நானாதான் குடுத்தேன்' என்றுதானே சாதிப்பாள்.

அன்றைக்கே நான் போனைப் போட்டு உன்னை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்க வேண்டும். செய்யவில்லை. ஊரில் எவன் கரண்ட் திருடக் கொக்கி போட்டாலும் மோப்பம் பிடித்த ஆள், சொந்த வீட்டில் நடப்பதைக் கேட்காமல் இருந்துவிட்டேன். கேட்டால் எழிலரசி அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிடுவாள் என்று தெரியும், அழுதுகொண்டே என்ன சொல்வாள் என்பதுதான் பயம். எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் மறைக்கிறீர்கள் என்பதும் விளங்கியது. எனக்குள்ளேயே ஒரு முடிவு செய்துகொண்டேன், அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் கவிநிலாவால் அருவியும் யானையும் தேடி எடுத்து அனுப்ப முடியாது, படம் வருகிற வரைக்கும் அவள் இருக்கிறாள் என்று. அதற்குப் பிறகு நான் படத்தைப் பார்த்தது அழகுக்காக இல்லை. தினம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வரும். ஒரு நாள் ஏழு மணி வரைக்கும் வரவில்லை, நீ தூங்கிப்போனாயோ என்னவோ. அந்த ரெண்டு மணி நேரத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. ஏழு மணிக்கு இருவாச்சிப் பறவை மரக்கிளையில் உட்கார்ந்திருக்கிற படம் வந்தது, போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதேன். பதினாலாம் நாள் உன் அண்ணன் கீழிருந்தே, 'ரெண்டு நாள் ஜாஸ்தி இருந்துட்டு வாங்கப்பா, ஒண்ணும் ஆயிடாது' என்றான். சரிடா என்று சொல்லிவிட்டு நாலு படி இறங்கினேன். அங்கிருந்து பார்த்தால் வாசலில் செருப்பு விடுகிற இடம் தெரியும். உன் அம்மாவின் நீலச் செருப்பு இல்லை. திரும்ப ஏறி வந்து படுத்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காலையில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. அப்புறம் கரகரவென்று ஒரு குரல், 'ஏன்டி எழிலு, துளசிக்குத் தண்ணி ஊத்தலையா, இப்படி காஞ்சி போயிருக்குது' என்று. நான் எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. பாதியாக இளைத்திருந்தாள், வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. பதிமூணு நாள் ஆஸ்பத்திரியில், அதில் ஆறு நாள் ஆக்சிஜனில் இருந்திருக்கிறாள், உன் அண்ணன் தினமும் வெளியே வேப்ப மரத்தடியில் நின்றிருக்கிறான். என்னைப் பார்த்ததும், 'என்னங்க, நான் இல்லாத நேரத்துல மேலயே சொகுசா இருந்துட்டீங்களா' என்றாள். போனை எடுத்து அந்த மெரூன் புடவைப் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, 'இந்தப் புடவையை யாருகிட்ட குடுத்தேன்' என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். உன்மேலும் உன் அண்ணன்மேலும் எழிலரசிமேலும் எனக்குக் கோபம் இல்லை. எழிலரசி கண் எதிரே அத்தையை வண்டியில் ஏற்றிவிட்டு, மேலே எனக்குச் சிரித்த குரலில் 'வெச்சிட்டேன் மாமா' என்று சொல்லியிருக்கிறாளே, அந்தத் தைரியம் எனக்கு வராது.

இதையெல்லாம் இத்தனை நாள் கழித்து எழுதக் காரணம் இருக்கிறது. ஒரு மாதமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நீ படம் அனுப்புகிறாய், 'இன்னிக்கு வாக்கிங் போனேன்ப்பா' என்று. போன மாதம் ஏரிக்கரையில் மஞ்சள் படகு, அப்புறம் மரப்பாலம், நேற்று இலையெல்லாம் சிவந்து நிற்கிற ஒரு மரம். உன் அம்மா பார்த்துவிட்டு, 'நல்லாத்தான் இருக்குது, ஆனா இவ ஒண்ணுலயும் இல்லையே, ஏங்க?' என்று கேட்டாள். 'போட்டோ எடுக்கறவ எப்படி இருப்பா' என்று சொல்லி சமாளித்தேன். ஆனால் அங்கே அக்டோபரில்தான் இலை சிவக்கும் என்று முதல் வருஷம் நீதானே போனில் குதித்துக்கொண்டு சொன்னாய்? ஜூலை மாதத்தில் எந்த மரம் சிவந்தது? பழைய போனை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீ போன புதிதில் அனுப்பின அதே மரம், அதே மேகம், ஓரத்தை மட்டும் வெட்டியிருக்கிறாய். படகும் அப்படித்தான், பாலமும் அப்படித்தான். பதினாறு நாள் அந்தப் படங்களை மனப்பாடம் பண்ணினவனிடம் போய் இதை அனுப்பலாமா? வீடியோ போட்டால் கேமரா கெட்டுப்போச்சு என்கிறாய். ஓட்டல் வேலையைப் பற்றிக் கேட்டால் அம்மாவின் சுகரைப் பற்றி விசாரிக்கிறாய். அன்றைக்கு எனக்காக நீங்கள் ஒரு தந்திரம் செய்தீர்கள், அதை இப்போது நீ எங்கள் ரெண்டு பேரிடமும் செய்கிறாய் என்று என் சந்தேகம். உனக்கு உடம்பு சரியில்லையா, வேலை போய்விட்டதா, அறையை விட்டு வெளியே போகவே பிடிக்காமல் கிடக்கிறாயா, கூட யாராவது இருந்து போய்விட்டார்களா, எனக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அதைக் கேட்டு நான் விழுந்துவிட மாட்டேன். அன்றைக்குப் பயத்தில் கேட்காமல் இருந்தேன். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். அன்றைக்கு நாலு படிதான் இறங்கினேன், இப்போது முழுதும் இறங்கி வந்து நிற்கிறேன் என்று வைத்துக்கொள். ஊருக்கு வந்துவிட வேண்டும் போல இருந்தால் விமானம் விடுகிற அன்றைக்கே கிளம்பி வா, மாடியறை காலியாகத்தான் இருக்கிறது, ஏன் வந்தாய் என்று இந்த வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள், நான் உள்பட.

வேளைக்குச் சாப்பிடு. வெறும் ரொட்டியோடு காலம் தள்ளாதே, ஒரு கைப்பிடி அரிசியாவது வேகவை. தலைக்கு எண்ணெய் வை. இந்தக் கடிதத்தைப் பற்றி அம்மாவிடம் இப்போதைக்கு மூச்சு விடாதே, அவளும் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள், ஆனால் அவள் என்னைப்போல் மறைத்து வைத்துக்கொள்ளத் தெரியாதவள். அண்ணாமலையார் உன்னைக் கைவிட மாட்டார், எங்கள் ரெண்டு பேருடைய ஆசியும் உன் தலைமேல் எப்போதும் இருக்கும். நன்றாக இரு அம்மா. ஒன்று மட்டும் மறக்காதே. கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு. மரம் வேண்டாம், ஏரி வேண்டாம். உன் முகம் வேண்டும், அன்றைக்கு எடுத்ததாக வேண்டும். சிரிக்க வேண்டிய அவசியம் இல்லை.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
அப்பா,
இராமலிங்கம்