அக்கா, உன் போர்டு இப்போது பெட்டிக்குள்

என் சண்டைக்கார சுமதி அக்காவுக்கு,

ஊருக்கும் உலகத்துக்கும், குறிப்பாக நம் மத்திகிரி வாடகை வீட்டு வரிசைக்கும் முக்கிய அறிவிப்பு: அலமாரி மேல் கிடந்த பழைய ஸ்டெபிலைசரின் தகரப் பெட்டியில் மூன்று தலைமுறையாகக் குடியிருந்த கரப்பான்பூச்சிகள் போன வாரம் அமைதியான முறையில் வெளியேற்றப்பட்டன. மாற்று இடமாக என் புத்தகப் பை ஒதுக்கப்பட்டுள்ளது.

சிரித்தாயா? இதையே அம்மாவிடம் சொன்னேன். "சாப்பிட வா" என்றாள். இந்த வீட்டில் இப்போது என் ஜோக்குக்கு ஆள் இல்லை.

பெட்டியைக் காலி செய்தது உன் போர்டுக்காகத்தான். தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் இரைச்சலில் அப்பாவுக்குக் காது மந்தமானதும், வாசலில் பெல் அடித்தால் கூடத்தில் பல்பு மின்ன வேண்டும் என்று நீ செய்தாயே, அந்த சர்க்யூட் போர்டுக்கு. கம்பெனியில் நாளெல்லாம் சால்டரிங் செய்துவிட்டு வந்து, வீட்டிலும் செம்புத் தகட்டில் மார்க்கரால் கோடு போட்டாய். அம்மாவின் மாவு டப்பாவில் கெமிக்கல் ஊற்றி, கோடு போட்ட இடம் தவிர மற்ற செம்பை அரித்தெடுத்தாய். டப்பா பாழானதற்கு அம்மா உன்னைத் துரத்தியதைத் தெருவே நின்று பார்த்தது.

அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல். நான்கே நாள்.

போன வருஷம் ஆடியில் நீ போனதிலிருந்து அந்தப் போர்டு ஓர் அட்டையின் மேலேயே கிடந்தது. யாரும் தொடவில்லை. வருஷம் திரும்பிய பிறகு, இந்த ஆயுத பூஜைக்குத்தான் அம்மா அதை எடுத்தாள். அப்பாவின் ஸ்பேனர், என் சைக்கிள், அரிவாள்மனை என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள், உன் போர்டின் மூலையிலும் ஈரச் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தாள்.

"அம்மா, கரண்ட்டுக்கே பொட்டா? ஷாக் அடிச்சா சாமி வந்து புடிக்குமா?"

"போடா. அருவாமனைக்கு வெக்கறேன், எம்பொண்ணு செஞ்சதுக்கு வெக்கக் கூடாதா?"

அடுத்த ஜோக்கை விட்டுவிட்டுக் குங்குமச் சிமிழை ஏந்திப் பிடித்தேன். நானே!

சரி, இனி என் பெருமை. போர்டு தகரத்தில் படாமல் நிற்க, காலிப் பேனாக்களை அறுத்து நான்கு குட்டிக் குழாய்கள் செய்தேன். அவற்றின் வழியே ஸ்குரூ. அடியில் பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டை. வயர் நுழையும் ஓட்டையின் கூர் விளிம்பை அரத்தால் தேய்த்து, ரப்பர் வளையம் போட்டேன். பிளக் வயரில் நீ வளையம் மாட்டி வைத்திருந்த பச்சை வயரை, பெயின்ட் இல்லாத தகரத்தில் இறுக்கினேன். பெட்டியை வெறுங்கையால் தொடலாம். இன்ஜினியர் தம்பி!

பல்பு மின்னுகிறது அக்கா. பழைய புத்தியில் ஒருமுறை பெல்லை அடித்துவிட்டு ஓடினேன். அப்பா கதவைத் திறந்தார். யாரும் இல்லை. ஆனாலும் உள்ளே போகாமல், உன் கம்பெனி பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். யாரைத் தேடினார்? அதற்குப் பிறகு நான் பெல் அடித்து ஓடுவதில்லை.

இன்னொன்று. இதை எப்படிச் சொல்வது?

மேலே சொன்னதெல்லாம் இரண்டாவது முறை செய்தது. முதல் முறை பேனாக் குழாயும் இல்லை, ஃபைல் அட்டையும் இல்லை. போர்டை அப்படியே தகரத்தில் வைத்து முடுக்கினேன். அடியில் துருத்திய சால்டர் முனையெல்லாம் தகரத்தில் உட்கார்ந்தது தெரியவில்லை. அப்பா பெட்டி மேல் கை வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே சுவிட்சைப் போட்டேன்.

டப்.

வீடே இருட்டு. அந்தப் பச்சை வயர் எதற்கென்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. வளையம் இருந்தது, மாட்டினேன், அவ்வளவுதான். அதுதான் எர்த் வயராம், கசிந்த கரண்ட்டைத் தரைக்கு இழுத்துக்கொண்டது; அதனால் பியூஸ் போனது, அப்பா போகவில்லை.

பயத்தில் வாய் முந்திக்கொண்டது. "அம்மா வெச்ச ஈரப் பொட்டாலதான்" என்றேன்.

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அவ விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான்டா. அதையும் நானே கெடுக்கப் பாத்தனா?"

பொட்டு முந்தைய நாளே காய்ந்திருந்தது. கரண்ட் ஓடாத மூலையில் இருந்தது. கழற்றிப் பார்த்தபோதே எனக்குத் தெரியும். சொல்லவில்லை. இப்போது பெட்டியில் தூசி தட்டக்கூட அம்மா என்னைத்தான் கூப்பிடுகிறாள். தூரத்தில் நின்று பார்க்கிறாள்.

இதை மடித்து வைத்ததும் சமையலறைக்குப் போகிறேன். "நீ இல்லம்மா, நான்தான்" என்று சொல்லப் போகிறேன். நடுவில் ஜோக் அடிக்க மாட்டேன். உன் மேல் சத்தியம்.

இன்னும் இன்ஜினியர் ஆகாத,
உன் தம்பி பாபு