உன்ரை காருக்கு நல்ல சுகம்

ஓம் றஜிந்தன், நல்ல சுகமாத்தான் இருக்குது உன்ரை கார். நேற்றும் போனை எடுத்த உடனை அதைத்தானே முதல் கேட்டனி, அதுதான் அதையே முதல் எழுதுறன். நாங்களும் இருக்கிறம், நீ கேக்காட்டிலும் சொல்லுறன். உன்ரை கொப்பருக்கு முழங்கால் வீக்கம் இன்னும் வத்தேல்லை, ஆனாலும் வள்ளத்தை விடமாட்டன் எண்டு கடலுக்குப் போறார். எனக்குப் பிரஷர் ஏறுறதும் இறங்குறதுமா இருக்கு. உன்ரை தம்பி கஜானன் இண்டைக்கு இந்த நேரம் வரைக்கும் உயிரோடை இருக்கிறான். ஏன் இப்பிடி எழுதுறன் எண்டு வாசிச்சால் விளங்கும். நீ அந்தக் கனடாக் குளிரிலை வருத்தம் துன்பம் இல்லாமல் இருக்கவேணும் எண்டு சந்நிதி முருகனை ஒவ்வொரு நாளும் கும்பிடுறன், அதிலை பொய் இல்லை. போனிலை கதைச்சால் நீ நழுவிப்போவாய், அம்மா பேந்து எடுக்கிறன் எண்டுவாய், எடுக்கமாட்டாய். கடதாசியை இடையிலை வெட்டேலாது, அதுதான் இருந்து எழுதுறன். பக்கத்து வீட்டு ஆரபி இதைப் படமெடுத்து உன்ரை போனுக்கு அனுப்புவாள். ஒன்பதாம் வகுப்போடை பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், ஒரு இடத்திலை அடங்கி இருந்து எழுதிப் பழக்கமில்லை, பிழை கிடந்தால் பிறகு சிரி, இப்ப கடைசி மட்டும் வாசி.

நீ கனடாவுக்கு வெளிக்கிடேக்கை என்ன சொன்னனி? அம்மா, டேர்போக் கார் சும்மா நிண்டால் பழுதாப்போம், கிழமைக்கு ஒருக்கா தம்பி எடுத்து ஓடட்டும் எண்டனி. நானும் ஓம் எண்டன். கறக்காமல் விட்ட மாட்டுக்கு மடி கட்டுற மாதிரி ஏதோ எண்டு நினைச்சன். முதலிலை சந்தி வரைக்கும் போய்த் திரும்பி வந்தான், துடைச்சுப் படங்கு போட்டு மூடினான், நல்ல பிள்ளை எண்டு கொப்பரும் சொன்னவர். இப்ப கிழமைக்கு ஒருக்கா இல்லை, பின்னேரம் வந்தால் கால் தரையிலை நிக்காது. வளலாய்ப் பக்கத்து நேர் றோட்டிலைதான் ஓட்டமாம். அந்தக் கார் முதலிலை மூச்சை அடக்கின மாதிரி ஒருக்கா நிக்கும், பிறகு விசில் அடிச்சுக்கொண்டு ஆரோ முதுகிலை உதைஞ்ச மாதிரிப் பாயும். அந்த விசில் குசினிக்குள்ளை நிக்கிற எனக்குக் கேக்குது மேனை. கேக்கேக்கை வெட்டுற மீனிலை கத்தி நிக்குது. அது திரும்பி வாற சத்தம் கேக்கும் வரைக்கும் நான் அடுத்த மீனை எடுக்கிறேல்லை.

அது என்ன புதுக்காரா? உன்னை விட ஒண்டு ரெண்டு வயசுதான் குறைவு. கொழும்பிலை ஒருத்தரும் கிட்டப் போகாமல் மழையிலை கிடந்ததாலைதான் உன்ரை கைக்கு எட்டின விலைக்கு வந்தது. மேல் துணி தொங்கித் தலையிலை முட்டுது, நான்தான் ஊசி குத்தி நிப்பாட்டி வைச்சிருக்கிறன். பின் கண்ணாடி இறங்காமல் பனஞ்சிராம்பு செருகிக் கிடக்கு. உள்ளை மஞ்சள் லைற், சிவப்பு லைற் எண்டு எல்லாம் எரியுது, கேட்டால் அது சும்மா எரியிறது அம்மா, பாக்காதைங்கோ எண்டுறான். வெளிக்கிடேக்கை சாம்பிராணி போட்ட மாதிரிப் புகை. நாப்பதிலை போக வேண்டிய சாமானை அவன் என்ன வேகத்திலை கொண்டு திரியிறான் எண்டு உனக்குத் தெரியும். எப்பிடித் தெரியும் எண்டதுக்குப் பிறகு வாறன்.

நான் சும்மா இருந்தன் எண்டு நினையாதை. கார்த் திறப்பை அரிசி வாளிக்கை ஒளிச்சன், நீ விட்டிட்டுப் போன மற்றத் திறப்பு அவனிட்டை இருந்திருக்கு. பற்றறி வயரைக் கழட்டினன், ரெண்டு நிமிசத்திலை பூட்டிப்போட்டு அம்மாவைக் கராச்சிலை வேலைக்குச் சேர்க்கலாம் எண்டு பகிடி விட்டான். படங்குக்கு மேலை செத்தல் மிளகாயைப் பரவி விட்டன். அவன் ஒரு பழம் சிந்தாமல் கூட்டி அள்ளிச் சாக்கிலை கட்டி வாசலிலை வைச்சிட்டு, அம்மா நல்லாக் காஞ்சிட்டுது, திரிக்கக் குடுங்கோ எண்டு சொல்லிப்போட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனான். எனக்கும் சிரிப்பு வந்தது, என்ன செய்ய. கேற்றைப் பூட்டினன், அண்டைக்கு வேலியைப் பிரிச்சுக்கொண்டு போனவன், அப்ப சிரிப்பு வரேல்லை. கொப்பரைக் கேட்டால், போதை கீதை எண்டு திரியாமல் காரோடை திரியிறான், அதுக்குச் சந்தோசப்படு எண்டுறார். பிறகு அவரே, உவன் என்ரை சொல்லுக் கேக்கமாட்டான், பெரியவன்ரை வாய்க்குத்தான் அடங்குவான் எண்டும் சொல்லுறார். விக்கப் பாத்தன். கராச் நாகலிங்கண்ணை, பிள்ளை, கார்ப் புத்தகம் உன்ரை மூத்தவன்ரை பேரிலை கிடக்கு, அவன்ரை கையெழுத்து இல்லாமல் நான் வாங்கினால் என்னைக் கள்ளன் எண்டு பிடிப்பாங்கள் எண்டிட்டார். அந்தக் கையெழுத்தை உன்னட்டை எத்தினை தரம் கேட்டன்? வந்து ஓடுவன் அம்மா, வைச்சிருங்கோ எண்டுறாய்.

இப்ப நீ அனுப்பின டேர்போவின்ரை கதைக்கு வாறன். தேருக்குக் கனடாவிலை இருந்து வந்த கோபிசங்கர் சித்தப்பா சூட்கேஸைத் திறந்து எனக்கு நீ அனுப்பின சால்வையைத் தந்தார். பாரமாக் கிடக்கே, என்ன பட்டோ எண்டு விரிச்சால் உள்ளை நத்தை மாதிரிச் சுருண்ட இரும்பு, காரை விசிலடிச்சுப் பாய வைக்கிற டேர்போ அதுதானாம். தன்ரை உடுப்பைக் குறைச்சு அதைக் கொண்டு வந்தவராம், எயார்போட்டிலை இது என்ன எண்டு கேட்டவங்களுக்குத் தையல் மெஷின் சாமான் எண்டு சொன்னவராம். சால்வையிலை இப்பவும் ஒயில் மணம் போகேல்லை, அதோடைதான் கோயிலுக்குப் போறன். அதைப் பூட்டேக்கை நாகலிங்கண்ணை என்னைக் கூப்பிட்டுக் காட்டினவர். முன் பிறேக் தட்டு தேஞ்சு அப்பளம் மாதிரிப் போச்சு, கட்டையும் முடிஞ்சுது, இதுக்கு இஞ்சை சாமான் இல்லை, உன்ரை மோனைத்தான் அனுப்பச் சொல்லவேணும் எண்டார். கஜானன் எனக்கு முன்னாலை நிண்டுதான் உனக்குச் சொன்னவன். நீ என்ன சொன்னனி? அதைப் பேந்து பாப்பம், இப்போதைக்கு முன்கூட்டியே பிறேக் பிடிச்சுப் பழகு எண்டனி. மேனை, ஓடுறதுக்கு அனுப்பினாய். நிக்கிறதுக்கு ஒண்டும் அனுப்பேல்லை.

போன கிழமை வியாழக்கிழமை அவன் முழங்கால் மட்டும் சேத்தோடை வந்தான். மாடு குறுக்கை வந்தது, ஒதுக்கினன் எண்டான். நான் நம்பினன். அடுத்த நாள் மீன் ஏலத்தடியிலை வள்ளக்காரக் கந்தப்பு அண்ணை எல்லாருக்கும் முன்னாலை என்னைப் பிடிச்சுக்கொண்டார். மாடும் இல்லை, கோதாரியும் இல்லை, தொண்டைமானாற்றுப் பாலத்தடியிலை பிறேக் பிடிக்காமல் கரையை விட்டு இறங்கினவன், இன்னும் ஒரு முழம் போயிருந்தால் தண்ணிக்குள்ளை, நாங்கள்தான் வள்ளக் கயிறு போட்டு இழுத்து விட்டனாங்கள் எண்டார். அதிலை தூண்டில் போட்டுக்கொண்டு இருந்த சின்னப் பெடியள் எழும்பி ஓடினதாலை தப்பினவங்களாம். ஒருத்தன்ரை செருப்பு ரயருக்குக் கீழை கிடந்ததாம். நான் மீனும் வாங்கேல்லை, ஒண்டும் வாங்கேல்லை, நடந்து வீட்டை வந்தன். கேட்டால் அவன், ஒண்டும் நடக்கேல்லைத்தானே அம்மா எண்டுறான். அந்தச் செருப்புக்குச் சொந்தக்காரப் பிள்ளையின்ரை தாயிட்டைப் போய் நான் உப்பிடிச் சொல்லேலுமோ?

அதையும் பொறுத்தன். முந்தநாள் அவன் கிணத்தடியிலை குளிக்கேக்கை போன் மர வாங்கிலை கிடந்தது, உன்ரை பேர் விழுந்தது. எடுத்துப் பாத்தன். ஓம், பாத்தன், பிழை எண்டால் பிழைதான். அவன் ஓடுற வீடியோ எல்லாம் உனக்குத்தான் போயிருக்கு. ஒரு கையிலை போன், ஒரு கையிலை ஸ்ரேறிங், வேக முள்ளு நடுங்கி நடுங்கி மேலை போகுது. கீழை உன்ரை குரல். சூப்பர்ரா தம்பி, அந்த விசிலைக் கேக்க நெஞ்சு குளிருது, புது டேர்போ எப்பிடி இழுக்குது பாத்தியே, வெள்ளிக்கிழமை நூற்றி அறுபது காட்டு, அம்மாக்குச் சொல்லாதை எண்டு. நான் பெத்த வாய் அது. திரும்பவும் போட்டுக் கேட்டன், வேறை ஆரும் உன்னை மாதிரிக் கதைக்கிறாங்களோ எண்டு. பாலத்தடியிலை சேத்துக்கை நிண்ட காரின்ரை படத்தையும் அனுப்பியிருக்கிறான். அதுக்கு நீ எழுதினது, காருக்கு ஒண்டும் இல்லையே? காருக்கு! அவனுக்கு எப்பிடி எண்டு ஒரு சொல்லு இல்லை றஜிந்தன். மேலையும் கீழையும் தள்ளித் தள்ளித் தேடினன், இல்லை. நேற்று நீ எடுக்கேக்கை இதைக் கேப்பம் எண்டு வாயைத் திறந்தன், அம்மா பஸ் வந்திட்டுது எண்டு வைச்சிட்டாய்.

உன்னை எனக்கு விளங்காதெண்டு நினையாதை. இரவு முழுக்க அந்தக் களஞ்சியத்திலை பெட்டி தூக்கிறாய், விடிய நிலத்துக்குக் கீழை இருக்கிற அறையிலை வந்து படுக்கிறாய், யன்னலிலை பனி மூடிக் கிடக்கு எண்டு ஒருக்காச் சொன்னனி. அப்ப போனைக் காதிலை வைச்சு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நித்திரையாப் போறியாக்கும். நீ வெளிக்கிட்ட அண்டு என்னைக் கட்டிப்பிடிச்ச நேரத்தை விடக் காரைத் தடவிக்கொண்டு நிண்ட நேரம் கூட, எனக்குக் கோவம் வரேல்லை, பாவம் எண்டுதான் நினைச்சன். ஆனால் நீ பாக்கிறது படம். அந்தப் படத்துக்குள்ளை இருக்கிறது உன்ரை தம்பி. அவன் வேகத்துக்காக ஓடேல்லை, நீ சூப்பர் எண்டு சொல்லுறதுக்காக ஓடுறான். நீ போனாப் பிறகு அவனோடை நீ கதைக்கிறது இது ஒண்டுதான், அதை விட்டால் நீயும் அவனை விட்டிடுவாய் எண்டு பயப்பிடுறான். என்னட்டை அவன் அப்பிடிச் சொல்லேல்லை, நான் சொல்லுறன், பெத்தவளுக்குத் தெரியும். படிச்சியோ, சாப்பிட்டியோ எண்டு கேளன். ஏதாவது கேள். காரை விட்டிட்டு ஏதாவது கேள்.

இண்டைக்கு வெள்ளிக்கிழமை. நீ சொன்ன வெள்ளிக்கிழமை. கொப்பர் வள்ளத்து எஞ்சினுக்குச் சாமான் வாங்க யாழ்ப்பாணம் போனவர், பஸ் இன்னும் வரேல்லை. கஜானன் முத்தத்திலை நிண்டு ஒயில் விடுறான், ரயரை உதைஞ்சு பாக்கிறான், பாட்டு வேறை. பின்னுக்கு இருந்து வீடியோ எடுக்க ஆரபியைக் கூப்பிட்டவனாம், அவள் எனக்குச் சாகிறதுக்கு விருப்பமில்லை எண்டு சொல்லிப்போட்டு நேரா என்னட்டை வந்தவள். உனக்கு எத்தினை தரம் எடுத்தன், நீ எடுக்கேல்லை, வேலைக்கை நிக்கிறாயாக்கும். இப்ப உனக்கு விடியிற நேரம், முடிச்சு வந்து போனைப் பாப்பாய். பாத்த உடனை அவனுக்கு எடு. உன்ரை பேர் விழுந்தால் எந்த வேகத்திலையும் எடுப்பான். ஐயோ இல்லை, ஓடேக்கை எடுத்தானெண்டால் அதுவும் கூடாது. வெளிக்கிட முன்னம் எடு. முந்திப் பாத்தால் முந்தி எடு. போதும் தம்பி, காரை மூடு, அண்ணைக்கு வீடியோ வேண்டாம் எண்டு உன்ரை வாயாலை சொல்லு. நான் காலிலை விழுந்தாலும் நடக்காதது உன்ரை ஒரு சொல்லிலை நடக்கும். விக்கிற கையெழுத்தை இந்தக் கிழமையே அனுப்பு, மறக்காதை. தலைக்குத் தொப்பி போடு, கடைப் பாணையே தின்னாமல் சோறு ஆக்கிச் சாப்பிடு, இருமலுக்கு மல்லி அவிச்சுக் குடி. முருகன் உன்னையும் காக்கட்டும், உன்ரை தம்பியையும் காக்கட்டும், உனக்கு என்னிலை கோவம் வந்தாலும் பரவாயில்லை, நீ நூறு வயசுக்கு இருக்கவேணும்.

அவனுக்குச் சொல்லிப்போட்டன், நான் வாறன், முன்னுக்கு இருந்து நான் எடுக்கிறன் வீடியோ எண்டு. சிரிக்கிறான். அம்மா, அந்தப் பக்கத்து பெல்ற் பூட்டாது, இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருங்கோ எண்டுறான். இருப்பன். நான் பக்கத்திலை இருந்தால் மெதுவா ஓடுவான் எண்டு நினைக்கிறன், ஓடாட்டில் அவனோடை நானும். நீ கேட்ட நூற்றி அறுபது வந்தால் அதைப் பிடிச்சுக்கொண்டிருக்கிற கை என்ரை கை, அதைத் தெரிஞ்சு பார். ஆரபி கடதாசிக்குக் கையை நீட்டிக்கொண்டு நிக்கிறாள். அவன் ஹோர்ன் அடிக்கிறான். நான் போகவேணும்.

கொம்மா