பந்துப் பெட்டியில் ஆறு ஓட்டைகள்

ஓகஸ்ட் 4, திங்கள்

சோளகக் காற்று. வாய்க்குள்ளும் மண். காலையிலேயே புத்தூரில் இருந்து ஸ்கூட்டியில் மருதனார்மடம், அண்ணையின் விடுதிக்கு. சித்திர ரீச்சரான எனக்கு விடுமுறையில் கிடைத்த வேலை: பின்போல் மெஷின் ஒன்றுக்குப் பெயின்ற் அடிப்பது.

சின்னப் பிள்ளையின் கட்டில் அளவில் ஒரு பலகைப் பெட்டி. நாலு இரும்புக் கால். மேலே கண்ணாடி, உள்ளே ஒரு இரும்புக் குண்டு. பக்கத்துப் பொத்தானை அமத்தினால் சின்னத் துடுப்பு இரண்டு அதைத் தட்டிவிடும். தலைமாட்டில் புள்ளி காட்ட லைற்றோடு இன்னொரு பெட்டி. கொழும்பில் மூடிப்போன ஏதோ ஒரு கிளப்பில் அண்ணை எடுத்தாராம்.

“எனக்கும் உதுக்கும் ஒரே வயசு இருக்கும், தங்கச்சி. வடிவா ஆக்கிவிடு. வாற சனங்கள் விளையாடட்டும்.”

அண்ணை பத்தொன்பது வயதில் சுவிஸ் போனவர். போன வருடம்தான் திரும்பி வந்து இந்த விடுதியைக் கட்டினார். அறைக்கு அறை ஏசி. வாசலில் கொழுவ மாட்டுவண்டிச் சில்லு.

அடிப்பலகையைக் கழற்றினேன். உள்ளே: எலிக்கூடு (பஞ்சு, சிகரெட் பெட்டிக் கடதாசி, யாருடையதோ தலைமயிர்). அப்பளமாய்க் காய்ந்த பல்லி. கரப்பொத்தான் முட்டைகள். காசு விழும் தட்டின் அடியில் சூயிங்கம், பல் அடையாளத்தோடு. வெட்டிய நகம் ஒன்று. பெருவிரல் நகம், மஞ்சள்.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. அண்ணை எனக்கு முன்னால் நின்று மிக்சர் சாப்பிட்டார். விரலை நக்கிவிட்டு அதே கையால் பெட்டியைத் தடவினார்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

காற்று விடவில்லை. பின்பக்கக் கொட்டகையில் சாக்கு கட்டினோம். நானும் தேவனும். தேவன் சுன்னாகத்தில் ரேடியோ, ரீவி திருத்துகிறவன். மெஷினின் வயர் வேலை அவனுடையது.

பக்கப் பலகைகளில் இருந்த பழைய படத்தைக் கடதாசியில் படி எடுத்தேன். பால் நிறப் பின்னணி, நீலத்தில் ஈட்டி போல நீண்ட கூர்கள், அவற்றின் நுனியில் சிவப்பு வளையம். மூன்றே நிறம். நல்ல கை யாரோ வெட்டிய அச்சு. ஓரங்கள் இன்றைக்கும் கத்தி போல.

பிறகு ரிமூவர் பூசினேன். பெயின்ற் கொப்புளித்துத் தோல் மாதிரி எழும்பியது. சுரண்டினால் சளி போல வழிகிறது. ஒரு அடுக்குக்குக் கீழே இன்னொன்று, அதற்குக் கீழே பழைய பியர் மணம். ஒருக்கால் வெளியே ஓடிப்போய் வாழையடியில் சத்தி எடுத்தேன்.

தேவன்: “அக்கா, தேசிக்காய் ஒண்டைக் கையிலை வைச்சிருங்கோ. நான் உள்ளுக்கை தலையை விட முதல் மூக்கிலை விக்ஸ் பூசுறனான்.”

வீட்டில் இவர் (என் மனுசன்) என் பக்கத்தில் படுக்கவில்லை. மணமாம். நியாயம்தான்.

வாங்க: சாண்ட் பேப்பர் (முரடு, நைஸ்), மாஸ்கிங் ரேப், கையுறை, பட்டி, தேசிக்காய்.

ஓகஸ்ட் 7, வியாழன்

பலகை வெறுமையாகி விட்டது. வெறும் மரம் நல்ல மரம். நேற்றும் இன்றும் தேய்ப்பு. மூக்கைச் சிந்தினால் கறுப்பு.

முதல் முறையாக அதன் மேல் கை வைக்க மனம் வந்தது.

கோயில் திருவிழா நாள், வீட்டில் மீன், இறைச்சி இல்லை. அண்ணைக்கு ஆட்டுக்கறி வேண்டுமாம், கடையில் எடுத்து விடுதிக் குசினியில் வைத்துச் சாப்பிட்டார். சாப்பிடட்டும். எலும்பை என் தூரிகைத் தகரத்துக்குள் போட்டிருக்கத் தேவையில்லை.

பிறைமர் ஒரு கை அடித்தேன்.

ஓகஸ்ட் 9, சனி

பால் நிறம் இரண்டு கை. காய்ந்தது. மட்டையில் அச்சு வெட்டினேன், நீலம் அடித்தேன். காற்றுப் படுத்திருந்த காலை நேரம். ரேப்பை இழுக்கும்போது கூர் அப்படியே நின்றது. சந்தோஷம். எழுதி வைக்கிறேன், இந்தக் கிழமையில் இது ஒன்றுதான்.

அண்ணை வந்து பார்த்தார். அதிக நேரம் பார்த்தார்.

“வடிவா இருக்கு. ஆனா புதுசு மாதிரி இருக்கு.”

“புதுசா ஆக்கத்தானே சொன்னனீங்கள்.”

“ஓம், ஓம். எண்டாலும் உது யாழ்ப்பாணத்து மெஷின் மாதிரி இல்லையே. வாறவை ஒதென்ரிக்கா, உண்மையான சாமானாத்தான் கேக்கினம். இடப் பக்கத்திலை ஒரு அஞ்சாறு ஓட்டை. துவக்கு வெடி பட்ட மாதிரி. நீ செய்தால் சரியா வரும்.”

நான் விளங்காத மாதிரி நின்றேன்.

“நான் இஞ்சை இருக்கேல்லை. எப்பிடி இருக்குமெண்டு உனக்குத்தானே தெரியும்.”

தூரிகையைத் தின்னருக்குள் போட்டேன். கை கழுவினேன். “எனக்குத் தெரியாது, அண்ணை” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

தெரியும். குசினிக் கதவு. வெளிப்பக்கம் சுண்டுவிரல் போகிற அளவு ஓட்டை. உள்பக்கம் பலகை வெடித்துச் சிம்பு சிம்பாக, பூப் போல. அதன் பின்னால் அப்பா நின்றார். எனக்குப் பதின்மூன்று வயது.

இவரிடம் சொன்னேன். “அந்தாளுக்கு விசர்” என்றார். தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

ஓகஸ்ட் 11, திங்கள்

போகக்கூடாது என்று ஞாயிறு முழுக்க நினைத்தேன். சிவப்பு வளையம் பாக்கி. போனேன்.

இடப் பக்கத்தில் ஆறு ஓட்டை.

தேவன் கொட்டகை வாசலிலேயே நின்றான். “அக்கா, நான் குடுக்கேல்லை. நேற்று மத்தியானம் நான் சாப்பிடப் போன நேரம் என்ரை ட்ரில்லை அவர் எடுத்துப் போட்டார்.”

சட்டைப் பொத்தான் ஓட்டைகள் போல ஒரே இடைவெளி. வட்டம் என்றால் சுத்தமான வட்டம். ஓரத்தை லைற்றரால் கருக்கியிருக்கிறார். என்னுடைய நீலக் கூர் ஒன்று நடுவில் பிளந்து கிடந்தது.

உட்பக்கம் கை விட்டுப் பார்த்தேன். வழவழப்பு. ஒரு சிம்பு இல்லை. அதைத் தொட்டபோதுதான் குமட்டல் வந்தது. எலிக்கூட்டுக்கு வந்ததை விட மோசம். பொய் என்பதற்கா, பிழையாகச் செய்திருக்கிறார் என்பதற்கா? பிழையென்று பார்க்கிற என் கண்ணும் எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணை கொழும்புக்குப் போயிருந்தார், கட்டில் மெத்தை வாங்க. நல்லதாய்ப் போயிற்று. கருக்கியதைச் சுரண்டினேன். ஆறையும் பட்டி வைத்து அடைத்தேன்.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

வெயில். பட்டி காய்ந்து இறுகி விட்டது. தேய்த்து, பிறைமர், பால் நிறம். பின்னேரம் நீலம். சாய்த்துப் பார்த்தால் மட்டும் மெல்லிய தழும்பு. நேரே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

தேவன் சுவிச்சைப் போட்டான். தலைமாட்டுப் பெட்டி எரிந்தது. மணி அடித்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

ஓகஸ்ட் 14, வியாழன்

அண்ணை வந்துவிட்டார். கொட்டகைக்குள் நேரே வந்தார், சப்பாத்தோடு.

“ஆர் உதை அடைக்கச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான் அடைச்சனான்.”

“என்ரை மெஷின்.”

“ஓம். என்ரை அப்பா.”

“எனக்கும்தான் அப்பா.”

அண்ணை சத்தமாகச் சொல்லவில்லை. பெயின்ற் தகரத்தின் மேல் இருந்தார். மூடி சரியாக மூடியிருக்கவில்லை, காற்சட்டையில் பால் நிறம். கவனிக்கவில்லை.

“நீங்கள் எல்லாரும் பாத்தனீங்கள். எனக்கு ஆரோ ரெலிபோனிலை சொன்னாங்கள். ரெஸ்ரோரண்டிலை கோப்பை கழுவிக்கொண்டு நிண்டனான். மிச்சக் கோப்பையையும் கழுவிப் போட்டுத்தான் வெளியிலை வந்தனான், விட மாட்டாங்கள். இப்ப வந்து பாக்க ஒரு கதவுகூட நீங்கள் வைக்கேல்லை.”

கதவை அம்மாதான் அந்த மாரிக்குக் கொத்தி அடுப்பில் வைத்தார். ஈர விறகு மட்டும் இருந்த மாரி. அண்ணைக்கு அது தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நானும் பக்கத்தில் இருந்தேன். அவருடைய வாசனைத் தண்ணியும் தின்னரும் கலந்த மணம். பாவமாக இருந்தது. தோளில் கை வைக்க நினைத்தேன், வைக்கவில்லை. கையில் பெயின்ற் என்று எனக்கே சாட்டுச் சொன்னேன்.

“சரி, விடு. உன்ரை விருப்பம் போல அடி.”

முடிந்தது என்று நினைத்தேன்.

ஓகஸ்ட் 16, சனி

மெஷினை வரவேற்பறைக்குத் தூக்கியாயிற்று. கொட்டகையில் தூசி அதிகமாம். முன்பக்கத்துக்கும் வலப் பக்கத்துக்கும் சிவப்பு மட்டும் பாக்கி. கீழே கடதாசி விரித்து அங்கேயே அடித்தேன்.

பத்து மணி போல லண்டன் குடும்பம் ஒன்று வந்து இறங்கியது. திருவிழாவுக்கு வந்தவர்கள். மனுசன், மனுசி, இரண்டு பெட்டைப் பிள்ளைகள். பெட்டைகள் மெஷினைக் கண்டதும் ஓடி வந்தார்கள். “ஈரம், தொடாதைங்கோ” என்றேன்.

அண்ணை அவர்களுக்குத் தோடம்பழச் சாறு கொடுத்துவிட்டு மெஷினடியில் நின்று கதைக்கத் தொடங்கினார். நான் மறுபக்கம் குனிந்திருந்தேன்.

“இது எங்கடை புத்தூர் வீட்டிலை நிண்டது. அப்பா ஆசைப்பட்டு வாங்கினவர். வெடி வந்த அண்டைக்கு உதுக்குப் பின்னாலைதான் நிண்டவர். ஆறு ஓட்டை. இஞ்சை தடவிப் பாருங்கோ, தழும்பு தெரியும். என்ரை தங்கச்சிதான் அடைச்சவ. அவவாலை பாக்க முடியேல்லை.”

எழும்பினேன். அண்ணையின் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. நடிப்பென்றால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அந்த மனுசி இடப் பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தா. நான் தேய்த்துத் தேய்த்து மறைத்த இடம்.

“இல்லை,” என்றேன். “இது கொழும்பிலை இருந்து வந்தது. ஓட்டை போன கிழமை அண்ணை ட்ரில்லாலை போட்டது.”

அண்ணை நிலத்தைப் பார்த்தார். பிறகு அந்த மனுசி கிட்ட வந்து என் இரண்டு கையையும் பிடித்தா.

“கதைக்க வேண்டாம், அக்கா. விளங்குது.”

கையை இழுத்தேன், விடவில்லை. அவவுடைய விரலெல்லாம் சிவப்பு. அதைப் பார்த்து அவ அழத் தொடங்கினா. தின்னர் துணியைக் கொடுத்தேன், துடைக்கச் சொல்லி. கண்ணைத் துடைக்கப் போனா, தட்டிவிட்டேன்.

குசினியில் போய்ச் சவுக்காரம் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினேன். திரும்பவும் கழுவினேன். அண்ணை பின்னால் வந்து நின்றார்.

“கோவிக்காதை. அவை இன்னும் ரெண்டு நாள் கூட நிக்கப் போயினமாம். வேறை ரெண்டு குடும்பமும் நாளைக்கு வருகினம்.”

நான் துணியை எடுத்துக் கையைத் துடைத்தேன்.

“நாளைக்கும் வா. நீ ஒண்டும் சொல்லத் தேவையில்லை. சும்மா அடிச்சுக்கொண்டு நிண்டாலே போதும்.”

வரும் வழியில் சுன்னாகச் சந்தியில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நின்றேன். வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அழுகிய வெங்காயம் ஒரு குவியல். அதன் மணம் எனக்கு நல்லதாக இருந்தது.

இவர் சொன்னார்: “இனிப் போகாதையும்.” தேவன் போன் எடுத்தான்: “அக்கா, வலப் பக்கம் அரைகுறையா நிக்குது. சனங்கள் அதைத்தான் போட்டோ எடுக்குதுகள்.”

ஓகஸ்ட் 17, ஞாயிறு

காற்று இல்லை. விடிய முன்னமே ஸ்கூட்டி. வாசல் கேற்றைக் காவல்காரர் திறந்துவிட்டார்.

விடுதி முழுக்க நித்திரை. வரவேற்பறைக் கதவைச் சாத்தினேன். அச்சு வைத்து, ரேப் ஒட்டி, சிவப்பு. வலப் பக்கம் முடிய வெளிச்சம் வந்துவிட்டது. முன்பக்கம். நடுவளையம் கொஞ்சம் பிசகியது, திருத்தினேன். காய்ந்த இடங்களுக்கு வார்னிஷ். ரேப்பை உரித்தேன். தூரிகைகள், தகரங்கள், மட்டை அச்சுகள், விரித்த கடதாசி எல்லாம் பைக்குள். நிலத்தில் ஒரு துளி சிவப்பு, சுரண்டினேன்.

அண்ணை சாரத்தோடு வந்தார், பல் விளக்காத வாயோடு.

“என்னடி இவ்வளவு வெள்ளண? அவை எழும்ப எட்டு மணியாகும்.”

“முடிஞ்சுது, அண்ணை.”

சுற்றி வந்து பார்த்தார். வலப் பக்கம், முன்பக்கம், இடப் பக்கம்.

“இனி அடிக்க ஒண்டும் இல்லையா?”

“ஒண்டும் இல்லை.”